செலரிக்கு ரெடிஸ் போதுமா, ராபிட்எம்க்யூவுக்கு மாற வேண்டுமா?

கேள்வி:
ஜாங்கோ (பைத்தான் வலைக் கட்டமைப்பு) செயலி ஒன்றைப் பராமரிக்கிறேன். மின்னஞ்சல், படச் சுருக்கம் போன்ற பின்னணிப் பணிகள், அவற்றை வரிசையிலிருந்து எடுத்து ஓட்டும் செலரி வழியே நடக்கின்றன. கேஷுக்கு (தற்காலிகச் சேமிப்புக்கு) வைத்திருக்கும் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளமே பணி வரிசைக்கும். பணி முடிந்த பிறகே ஒப்புகை (முடித்துவிட்டேன் என்ற தகவல்) போகுமாறு அமைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்த்த அறிக்கைப் பணி இரண்டு மணி நேரம் ஓடும். அது பாதியில் இருக்கும்போதே இன்னொரு வொர்க்கர் (பணிகளை ஓட்டும் நிரல்) அதே பணியைத் தொடங்கிவிடுகிறது. செய்தி வரிசைக்கென்றே உள்ள ராபிட்எம்க்யூவுக்கு மாறினால் தீருமா?

பதில் 1:
மாறிய கையோடு வேறு வடிவில் இதே தொல்லை வரும். ரெடிஸில் செலரியின் விசிபிலிட்டி டைம்அவுட் (ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 1 மணி நேரம். அதற்குள் ஒப்புகை வராவிட்டால், எடுத்த வொர்க்கர் செத்துவிட்டது என்று கருதிப் பணி மறுபடி வழங்கப்படும். ராபிட்எம்க்யூவின் இப்போதைய பதிப்புகளிலும் ஒப்புகைக்குக் கெடு உண்டு. இயல்பாக 30 நிமிடம். தாண்டினால் சேனலை (வொர்க்கருடன் பேசும் தடத்தை) மூடிச் செய்தியை வரிசைக்கே திருப்பிவிடும். இரண்டையும் நீட்டிக்கலாம். ஆனால் ரெடிஸில் நீட்டினால், வொர்க்கர் உண்மையிலேயே திடீரென விழும்போது அந்தப் பணி அவ்வளவு நேரம் கிடப்பில் கிடக்கும்.

எந்த புரோக்கரை (வரிசையை வைத்திருக்கும் மென்பொருளை) வைத்தாலும், ஒரே பணி இருமுறை ஓடினால் என்ன கெடும் என்பதற்கு முதலில் விடை வேண்டும். அறிக்கையை மாதவாரியாகச் சிறு பணிகளாக உடையுங்கள். அறிக்கை எண்ணும் மாதமும் சேர்ந்த யுனீக் கீ (இருமுறை பதிய முடியாத திறவுகோல்) ஒன்றைத் தரவுத்தளத்தில் வையுங்கள். இரண்டாவது முறை எழுத வருவது அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது கேஷும் வரிசையும் ஒரே ரெடிஸில் இருப்பது. மேக்ஸ்மெமரி கொள்கை (இடம் தீர்ந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) ஆல்கீஸ்-எல்ஆர்யூ (நெடுநேரம் தொடாததை, எதுவானாலும், அழிப்பது) என்றிருந்தால், நினைவகம் நிரம்பும்போது வரிசையே அழிக்கப்படலாம். பிழைச் செய்திகூட வராது. வரிசைக்குத் தனி ரெடிஸ், அதில் எதையும் அழிக்காத நோஎவிக்‌ஷன். இதை இன்றே செய்யுங்கள்.

பதில் 2:
போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இருந்தால் புரோக்கரே இல்லாமலும் முடியும். 9.5 பதிப்பிலிருந்து ஸ்கிப் லாக்டு (வேறொருவர் பூட்டியதைத் தாண்டி அடுத்ததை எடுப்பது) இருக்கிறது. வரிசை ஓர் அட்டவணையாக இருப்பதால், பணியைச் சேர்ப்பதும் அதற்கான தரவைச் சேமிப்பதும், சேர்ந்தே நடக்கும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் ஒரே டிரான்சாக்‌ஷனில் அடங்கிவிடும்.

கேட்டவர்:
பார்த்தேன், ஆல்கீஸ்-எல்ஆர்யூதான். தனி ரெடிஸ் வைக்கிறேன். செய்திகளைப் பதிவேடாக வைக்கும் காஃப்காவைப் பற்றி?

பதில் 1:
இந்த வேலைக்கு வேண்டாம். வழக்கமான கன்ஸ்யூமர் (படிக்கும் நிரல்கள்) குழுவில் ஒரு பார்ட்டிஷனில் (பதிவேட்டின் ஒரு பகுதியில்) எதுவரை படித்தோம் என்ற ஆஃப்செட்டைத்தான் குறிக்க முடியும்; ஒரு நீண்ட பணி பின்னால் இருப்பவற்றையும் நிறுத்திவைக்கும். ராபிட்எம்க்யூவுக்குப் போக நல்ல காரணம் வேறு: தோற்ற செய்திகளை டெட் லெட்டர் வரிசைக்கு ஒதுக்குவது, கோரம் வரிசையால் பல கணினிகளில் பிரதி வைப்பது. அவை தேவைப்படாதவரை ரெடிஸிலேயே இருங்கள்.