எண்ணூர் படத்தில் புகைபோக்கியை அழித்தது சரியா?

கொசஸ்தலை:
பெரம்பூர் பிக்சல் நேற்று போட்ட எண்ணூர் புகைப்படத் தொடரைப் பற்றித்தான் இந்த இழை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் ஒரு அம்மா, பனையோலைப் பறியை, அதாவது பிடித்த இறாலைப் போடும் கூடையை, வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் இறாலைத் தடவிப் பிடிக்கிறார். பின்னால் துடைத்துவிட்ட மாதிரி வானம். அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், எதிரே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கும். போனிலேயே விரலால் தேய்த்து அவற்றை அழித்திருக்கிறார். தொடரின் தலைப்பு ‘ஆற்றை நம்பி’. ஆற்றுக்கு என்ன ஆனது என்பதை அழித்துவிட்டு அதை நம்பி வாழ்பவர்களின் கதையை எப்படிச் சொல்வது?

பெரம்பூர் பிக்சல்:
அழித்தேன். எடிட் செய்த படம் என்று கீழே போட்டும் இருக்கிறேன், ஒளித்து வைக்கவில்லை. எண்ணூர் என்றால் புகைபோக்கி, சாம்பல், எண்ணெய். காசிமேடு என்றால் ஐஸ் பெட்டி, விசைப்படகு. வியாசர்பாடி என்றால் வெட்டுக்குத்து. வடசென்னையை எடுக்க வருகிற எல்லோரும் இதே நாலு படத்தோடுதான் திரும்பிப் போகிறார்கள். புகைபோக்கி ஃபிரேமில் இருந்தால் பார்க்கிறவர் கண் நேரே அதற்குத்தான் போகும். அந்த அம்மாவின் கை என்ன செய்கிறது என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கை வேண்டும். ஓவியர் வேண்டாததை வரையாமல் விட்டால் யாரும் கேட்பதில்லையே?

ராயபுரம் ரோல்:
தம்பி பிக்சல் பக்கம்தான் நான். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கீழே விளக்குப் போட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தீட்டுவோம். தீட்டின இடம் பிரிண்டில் வெளிறும், அம்மைத் தழும்பின் நிழல் காணாமல் போகும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து யாரும் பொய் என்று சண்டைக்கு வந்ததில்லை. அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1850களில், பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் கடலை ஒரு கண்ணாடி நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். அன்றைய ரசாயனத்துக்கு நீல ஒளி ரொம்ப சீக்கிரம் ஏறிவிடும். கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துப்போகும். வேறு வழியில்லை. கையில் இருக்கும் கருவியை வைத்துத்தான் கலை.

கொசஸ்தலை:
அண்ணே, கல்யாண ஆல்பத்தில் காசு கொடுக்கிறவரும் படத்தில் இருக்கிறவரும் ஒரே ஆள். தழும்பு வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஒரு ஊரின் கதை என்று தொடர் போடும்போது பார்க்கிறவர் அதை நம்பி வருகிறார். 1982 பிப்ரவரி இதழ் அட்டைக்காக நேஷனல் ஜியாகிரபிக் கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. அகலமான படம் உயரவாக்கு அட்டையில் அடங்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். பிரமிடு ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அதற்கே இன்றுவரை பேச்சு வாங்குகிறார்கள்.

ஐஎஸ்ஓ நூறு:
இரண்டு தரப்பும் விரலால் தேய்த்ததை மட்டுமே பேசுகிறீர்கள். பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் இன்றைய போன் பல ஃபிரேம்கள் எடுத்து, அடுக்கி, நிழலை வெளிச்சமாக்கி, வானத்தின் வெளிச்சத்தை அடக்கி ஒன்றாக்குகிறது. லெ கிரே செய்ததுதான், ஆனால் நம்மைக் கேட்காமல் செய்கிறது. 2023 மார்ச்சில் ஒருவர் மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் எடுத்துக் காட்டினாரே, மூலப்படத்தில் இல்லாத பள்ளமெல்லாம் வந்து நின்றது.

சரி, போனை விடுங்கள். போலரைசர் ஃபில்டர் கண்ணாடித் துண்டுதான், அதில் கணினியே கிடையாது. லென்ஸில் மாட்டித் திருப்பினால் தண்ணீர் மேல் மினுங்கும் ஒளி அடங்கும். எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரிவதே அந்த மினுக்கத்தில்தான், அதுவும் சேர்ந்து மங்கிவிடும். எதையும் எடிட் செய்யாமலே எண்ணெய்க் கசிவை மறைக்கலாம். கொசஸ்தலை, மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது நீங்கள் எடுத்த படங்களில் அந்த ஃபில்டர் இருந்ததா?

கொசஸ்தலை:
கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன். எண்ணெயைக் காட்டத்தானே போனேன்! என் கேள்வி கருவி பற்றியது இல்லை. எதைக் காட்ட வந்தோம் என்று தெரிந்தவன், படத்திலிருந்து எதை நீக்கலாம் எதை நீக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும்.

பெரம்பூர் பிக்சல்:
நானும் அதைத்தான் செய்தேன். நான் காட்ட வந்தது கை.

நெட்டுக்குப்பம் பையன்:
நான் போட்டோ எடுப்பவன் இல்லை, வேடிக்கை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டே வலை இழுக்க நேரமில்லை, அது தனிக் கதை. புகைபோக்கி அசிங்கம் என்று ஒருவர், அதுதான் செய்தி என்று இன்னொருவர். என் மாமா கடலிலிருந்து திரும்பும்போது அதை வைத்துத்தான் கரையைக் கணக்குப் போடுவார். எரிச்சலும் உண்டு, பழக்கமும் உண்டு.

பிக்சல் அண்ணே, உங்கள் படத்தில் எனக்கு உறுத்தியது தண்ணீர். நல்ல நீலமாக இருக்கிறது. அங்கே தண்ணீர் கலங்கல், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால்தான் விரலால் தடவுகிறார்கள். சேற்றில் இறால் துள்ளுவதை விரல் நுனியில் உணர்ந்து, அமுக்கிப் பிடித்து, வாயில் இருக்கிற பறியில் போட வேண்டும். முள்ளும் கண்ணாடிச் சில்லும் அந்தக் கையைத்தான் கிழிக்கும். உங்கள் நீலத் தண்ணீரில் அந்த அம்மா ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறது. கையைக் காட்ட வேண்டும் என்றீர்களே, கைக்கு அங்கே என்ன வேலை என்பதே போய்விட்டது.

ராயபுரம் ரோல்:
இது சரியான பேச்சு. பிரிண்ட் போடும்போது நாங்கள் படத்தில் எந்த இடம் இருட்டாகவே நிற்க வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்போம்.

பெரம்பூர் பிக்சல்:
நீலம் நான் போட்டதில்லை, போன் தானாக ஏற்றியது. அதை மாற்றிவிடுகிறேன், தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. புகைபோக்கி விஷயத்தில் என் நிலை அதேதான். அந்த ஒரு படத்தில் அது வேண்டாம்.

கொசஸ்தலை:
அப்படியென்றால் தொடரின் இன்னொரு படத்திலாவது முழுசாக வரட்டும். எட்டுப் படத்தில் ஒன்றில்கூட இல்லை, எண்ணிப் பார்த்தேன்.

பெரம்பூர் பிக்சல்:
எந்தப் படம் வர வேண்டும் என்று நீங்கள் சொல்லக் கூடாது தலைவா. ஒன்று செய்கிறேன். அதே ஷாட்டின் ரா கோப்பு, அதாவது எடிட் செய்யாத மூலக் கோப்பு, இருக்கிறது, இங்கேயே ஏற்றுகிறேன். ஐஎஸ்ஓ நூறு புகைபோக்கியோடு ஒரு பிரதி எடிட் செய்து போடட்டும், பக்கத்தில் என்னுடையதும் இருக்கட்டும். கண் எங்கே போகிறது என்று தம்பியும் அவர் மாமாவும் பார்த்துச் சொல்லட்டும்.

ஐஎஸ்ஓ நூறு:
அனுப்புங்கள். வானம் வெளுத்திருந்தால் வெளுத்தபடியேதான் விடுவேன், பிறகு சண்டைக்கு வரக் கூடாது.