மீன் பிடிக்கும் கப்பலிலேயே தொழிற்சாலை: தடை செய்ய வேண்டுமா?

நிலாமதி:
பிள்ளைகளுக்கு வாங்கும் ஃபிஷ் ஃபிங்கர் பெட்டியில் 'அலாஸ்கா பொலாக், கடலிலேயே உறைய வைத்தது' என்று போட்டிருக்கிறது. பொலாக் என்பது ஒரு வகை மீன். நல்லது என்று நினைத்துத்தான் வாங்கிவந்தேன். நேற்று சித்தப்பா, "அந்தக் கப்பல்கள் கடலை வழித்தெடுக்கின்றன, இனிமேல் வாங்காதே" என்றார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சியாட்டில் செல்வம்:
அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே இருக்கும் பெரிங் கடலில் இப்படி ஒரு கப்பலில் நான்கு சீசன் வேலை பார்த்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

கப்பலின் பின்பக்கச் சரிவு வழியாக, மீன் நிரம்பிய வலையின் மடி ஏறும். பெரிய இழுப்பு என்றால் 100 டன் வரை இருக்கும். மேல்தளத்து மூடியைத் திறந்து மடியின் முடிச்சை அவிழ்த்தால் மீன் அப்படியே கீழே தொட்டிகளில் இறங்கிவிடும். அங்கிருந்து பெல்ட்டில் ஏறி, ஓட்டத்திலேயே எடை போடும் தராசைத் தாண்டி, வெட்டும் இயந்திரத்துக்கு வரும். தலை, குடல், நடுமுள், தோல் எல்லாம் சில நொடிகளில் போய்விடும்.

என் இடம் விளக்கு மேசை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் வெள்ளைப் பலகை அது. சதைத் துண்டு அதன்மேல் வந்தால் உள்ளே இருக்கும் புழுவும் விடுபட்ட முள்ளும் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு நாளில் 16 மணி நேரம் அதே வேலை. குளிரில் விரல் நுனி மரத்து, புழு எது, ரத்தக்கட்டு எது என்று தடுமாறிய இரவுகள் உண்டு. அப்புறம் 7.5 கிலோ அச்சுகளில் அடுக்கித் தட்டு உறைவிப்பானில் வைத்து அழுத்துவார்கள். இன்னொரு பங்கு சதையை அரைத்து, நன்னீரில் அலசிப் பிழிந்து, சர்க்கரையும் சார்பிடால் என்ற இனிப்புப் பொருளும் சேர்த்தால் சுரிமி. கடையில் நண்டுக் குச்சி என்று விற்பது அதைத்தான். சினை ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போகும். தலையும் எலும்பும் மீன்தூள் ஆகும்.

பொலாக் சதை சீக்கிரம் தளர்ந்துவிடும். சில மணி நேரத்தில் உறைந்தால்தான் சதை கெட்டியாக நிற்கும். வேறு சில இடங்களில் தலை வெட்டி உறைய வைத்த மீனைச் சீனாவுக்கு அனுப்பி, அங்கே உருக்கி வெட்டி, மறுபடி உறைய வைக்கிறார்கள். அதைவிட இது எவ்வளவோ மேல். தடை கேட்பது தவறு.

ஸ்கார்பரோ குமரன்:
செல்வம் அண்ணா, வேலை நேர்த்தியை நான் மறுக்கவில்லை. அந்த நேர்த்திதான் எனக்குப் பயம்.

1954ல் ஸ்காட்லாந்தில் கட்டிய 'ஃபேர்ட்ரை' இந்த வகையில் முதல் கப்பல். திமிங்கலக் கப்பலின் பின்சரிவை எடுத்து மீன் கப்பலுக்கு வைத்தார்கள். சோவியத், ஜெர்மனி, ஸ்பெயின் கப்பல்கள் அதைத் தொடர்ந்து கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கு வந்தன. கரைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாததால் இரவு பகல் இழுத்தார்கள். 1968ல் அங்கே 'வடக்குக் காட்' (cod) என்ற மீன் மட்டும் 8 லட்சம் டன் பிடித்தார்கள். 1992 ஜூலையில் கனடா அந்த மீன்பிடியை மூடியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடம் என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது.

1986 ஆகஸ்டில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழ் அகதிகள் 155 பேர், உயிர்காப்புப் படகில் தத்தளித்தபோது தூக்கி எடுத்தது நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள். ஆறு வருடத்தில் அந்தக் கரையோரமே தொழில் இழந்து நின்றது. இதை நான் வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடியாது.

சியாட்டில் செல்வம்:
அந்தக் கோபம் நியாயம், தம்பி. ஆனால் 1977ல் கனடா 200 மைல் எல்லை போட்டு வெளிநாட்டுக் கப்பல்களைத் தள்ளியது. அதற்குப் பிறகும் 15 வருடம் காட் குறைந்துகொண்டே போனது. இழுத்தது சொந்த நாட்டுக் கப்பல்கள், அளவை அதிகமாக நிர்ணயித்தது அரசு.

அலாஸ்காவிலும் ஒரு காலம் யார் முந்துவது என்ற ஓட்டம்தான். 1998ல் அமெரிக்கச் சட்டம் வந்து ஒன்பது கப்பல்களை வெளியேற்றியது, மிச்சமிருப்பவர்களுக்குப் பங்கு பிரித்தது. அதன் பிறகு அவசரம் இல்லை, அதே மீனிலிருந்து அதிகச் சதை எடுக்க முடிந்தது. ஒவ்வொரு கப்பலிலும் அரசு அங்கீகரித்த இரண்டு கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள். தராசை அவர்கள் முன்னிலையில் தினமும் சோதிப்போம்.

நிலாமதி:
சரி, பொலாக் எண்ணிக்கை பரவாயில்லை என்றே வைப்போம். கூடவே மாட்டும் மற்ற மீன்கள்?

ஸ்கார்பரோ குமரன்:
அங்கேதான் வர நினைத்தேன். 2007ல் இந்தப் பொலாக் வலைகளில் மாட்டிய சினூக் என்ற சால்மன் மீன் வகை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 2021ல் 'சம்' என்ற இன்னொரு சால்மன் வகை ஐந்து லட்சத்துக்கு மேல். அதே 2021ல் அலாஸ்காவின் யூகான் ஆற்றங்கரையில் பழங்குடி மக்கள் குளிர்காலத்துக்குப் புகைபோட்டு வைக்கும் மீனைக்கூடப் பிடிக்கக் கூடாது என்று மூடினார்கள். 2024ல் அந்த ஆற்றில் சினூக் பிடிக்க ஏழு வருடத் தடை. தலைமுறை தலைமுறையாக ஆற்றை நம்பி வாழ்ந்தவன் காலி அடுக்கைப் பார்த்து நிற்கிறான், கப்பல் இழுப்பை நிறுத்தவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

தரையைத் தொடாமல் இழுக்கும் நடுநீர் வலை என்கிறார்கள், அதன் கீழ்விளிம்பும் பெரும்பாலான நேரம் தரையில் உரசுகிறது. அமெரிக்க மீன்வளத் துறையின் மதிப்பீடே அப்படித்தான் சொல்கிறது.

சியாட்டில் செல்வம்:
சம் பற்றி ஒரு திருத்தம். மரபணு சோதனையில் அவற்றில் பெரும்பகுதி ஆசியப் பகுதியைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. யூகான் மீன் குறைந்ததற்குக் கடல் சூடானது பெரிய காரணம். சினூக்குக்கு 2011லிருந்து உச்சவரம்பு இருக்கிறது, அதன் பிறகு 2007 அளவு திரும்ப வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெல்ட்டில் பொலாக் நடுவே ஒரு சால்மன் வந்தால் உடனே தெரியும், அதன் பளபளப்பு வேறு. எடுத்துத் தனியாகப் போடுவோம், கண்காணிப்பாளர் எண்ணி, செதில் சுரண்டி உறையில் போடுவார். விற்கக் கூடாது. சில உணவு வங்கிக்குப் போகும். ஒரு ஆகஸ்டில் ஒரே இழுப்பில் சால்மன் போடும் தொட்டி நிரம்பி வழிந்தது. கேப்டன் இடத்தை மாற்றினார், ஆனால் அன்று மாலைதான். காலையிலேயே மாற்றியிருக்கலாம். சம் மீனுக்கும் கடுமையான வரம்பு வேண்டும், தொட்டால் கப்பல் கரைக்குத் திரும்ப வேண்டும். அதை நான் ஆதரிக்கிறேன்.

ஸ்கார்பரோ குமரன்:
அந்த வரம்பு வந்தால் தடை கேட்பதை நிறுத்துகிறேன், அண்ணா. அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி வராது.

நிலாமதி:
நான் இப்போதைக்கு வாங்குவேன், மாதம் ஒரு முறை. செல்வம் அண்ணா, இரண்டு முறை உறைய வைத்த மீனைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

சியாட்டில் செல்வம்:
பிடித்த நாடும் பதப்படுத்திய நாடும் வேறு வேறாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உருகும்போது நிறையத் தண்ணீர் விட்டு, வெந்ததும் பஞ்சு மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுதான்.