ஒரே மலைக்கு இரண்டு சாலைகள்: குறுக்குப்பாதையில் மட்டும் கால் நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி:
எங்கள் பக்கத்து மலைக்கு இரண்டு தார்ச்சாலைகள் உண்டு. இரண்டும் ஒரே அடிவாரத்தில் தொடங்கி, 400 மீட்டர் உயரம் ஏறி, ஒரே உச்சியில் முடிகின்றன. ஒன்று 8 கி.மீ. சுற்றிச் செல்வது, மற்றது 5 கி.மீ. மட்டுமே. சுற்றுப்பாதையில் சைக்கிளில் பேசிக்கொண்டே ஏறிவிடும் எனக்கு, குறுக்குப்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பெடல் நகர மறுக்கிறது. மறுநாள் முழங்கால் வலிக்கிறது. முன்பக்கச் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்பக்கப் பெரியது 28 பல். 5 சதவீத ஏற்றத்துக்கும் 8 சதவீத ஏற்றத்துக்கும் இத்தனை வேறுபாடா, அல்லது என் பயிற்சி போதவில்லையா?

பதில் 1:
நீங்களும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, உங்கள் கால்கள் தரும் ஆற்றல் 180 வாட் என்று வைத்துக்கொண்டால், 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. வேகமும், அந்தக் கியரில் நிமிடத்துக்கு 90 மிதிச்சுற்றும் கிடைக்கும். 8 சதவீதத்தில் வேகம் 10 கி.மீ.யை ஒட்டி இறங்கி, மிதிச்சுற்று 63 ஆகிவிடும். கடினம்தான், ஆனால் கால் நின்றுபோகும் அளவுக்கு அல்ல. பாதையின் நடுவே சமதளம் ஏதேனும் வருகிறதா?

கேட்டவர்:
ஆம், ஏரிக்கரையை ஒட்டி ஒன்றரை கி.மீ. சமமாகவே இருக்கிறது. அதை இளைப்பாறும் இடமாக மட்டுமே நினைத்திருந்தேன்.

பதில் 1:
கோளாறு அங்கேதான். அந்த ஒன்றரை கி.மீ.யைக் கழித்துவிட்டால், 400 மீட்டர் உயரத்தையும் மீதி மூன்றரை கி.மீ.யில் ஏறுகிறீர்கள், அப்போது ஏற்றம் 11 சதவீதத்துக்கும் மேல், அதே 180 வாட்டில் மிதிச்சுற்று 45 அளவுக்கு இறங்கிவிடும். சராசரியை நம்பிப் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும் (நானும்தான்) ஒருமுறையாவது இப்படி ஏமாந்திருப்போம். பின்னால் 28 பல்லுக்குப் பதில் 34 பல் சக்கரம் மாட்டினால், 45 சுற்றில் திணறும் அதே வேகத்தில் 55 சுற்று மிதிக்கலாம்.

பதில் 2:
மாற்றும் முன், பின்பக்கத்தில் கியர் மாற்றும் கருவி 34 பல்லைத் தாங்குமா என்றும், செயின் நீளம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவின் உட்புறம் எப்போதும் செங்குத்தாக இருப்பதால், வளைவுக்குள் நுழையும் முன்பே, மிதி இலேசாக இருக்கும்போது, கியரைக் குறைத்துவிடுங்கள். கால் முழு பாரத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாற்றினால் செயின் நழுவும்.

கேட்டவர்:
இன்று காலை மூன்றாவது வளைவுக்கு மேலே எண்ணிப் பார்த்தேன்: 15 விநாடியில் வலக்கால் 11 முறைதான் கீழே இறங்கியது, அதாவது நிமிடத்துக்கு 44 சுற்று; நீங்கள் சொன்ன 45-ஐ ஒட்டியே இருக்கிறது. பல்சக்கரம் மாற்றும் வரை சுற்றுப்பாதையிலேயே ஏறுகிறேன்.