மறு: 'பிரதேஷ் பிரமுக்' தமிழில் என்ன?

நேபாள அரசியல் சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியலில், அங்கே மாகாணங்களின் அரசியலமைப்புத் தலைவரான 'பிரதேஷ் பிரமுக்' பதவிக்கு 'மாகாண முதன்மையர்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் ஓட்டு பழைய 'ஆளுநர்' பக்கம்.

முதலில் 'பிரதேஷ்' கதையை முடித்துவிடுவோம். அதை 'பிரதேசம்' என்று அப்படியே எடுத்துப் போடவே கூடாது. நேபாளத்தில் பிரதேஷ் சபா என்பது 7 மாகாணங்களிலும் இருக்கிற சட்டமன்றம். இலங்கையிலோ பிரதேச சபை என்றால் குப்பை, சந்தை, தெருவிளக்கு பார்க்கிற உள்ளூராட்சி மன்றம். கோசி என்ற நேபாள மாகாணத்தைப் பற்றி 'கோசி பிரதேச சபையில் ஆட்சி கவிழ்ந்தது' என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் படிப்பவர் என்ன நினைப்பார்? 'மாகாணம்' இரண்டு கரையிலும் புரியும், அதையே வைத்துக்கொள்வோம். 'பிரமுகர்' வேண்டவே வேண்டாம், திறப்பு விழாவுக்கு மாலையோடு வருகிற ஆள்தான் கண்ணில் தெரிகிறார்.

'முதன்மையர்' தரப்பின் வாதம் இது: 2015 அரசியலமைப்பில் அது அலங்காரப் பதவி, அதிகாரம் முதலமைச்சரிடம், அதனால் 'ஆளு' என்ற வினையே அங்கே பொருந்தாது. தவிர, நேபாளியில் கவர்னர் என்றால் அந்நாட்டின் மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கியின் தலைவர். சரி, நாமும்தான் ரிசர்வ் வங்கி ஆளுநர் என்கிறோம், அதனால் யாரும் ராஜ்பவனைத் தேடிப் போய்விடவில்லையே!

அலங்காரப் பதவி என்பதும் ஏட்டளவில்தான். 2023 ஜூலையில் கோசியில் நடந்ததைப் பாருங்கள். மாகாணச் சட்டமன்றத்தில் மொத்தம் 93 பேர், பெரும்பான்மைக்கு 47 வேண்டும். நேபாளி காங்கிரஸின் உத்தவ் தாபா கொண்டுபோன 47 கையெழுத்தில் ஒன்று சபாநாயகர் பாபுராம் கௌதமுடையது. அதை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு தாபாவை முதலமைச்சர் ஆக்கியவர் பிரதேஷ் பிரமுக் பரசுராம் காபுங். சபாநாயகர் கையெழுத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது, தாபாவையே மறுபடி நியமித்தார்கள், செப்டம்பரில் அதுவும் ரத்தானது. யார் ஆள்வது என்பது ஒரு மனிதர் கையெழுத்துகளை எப்படி எண்ணுகிறார் என்பதில் தொங்கியது! நியமனம் குடியரசுத் தலைவர் பெயரில், தேர்வு மத்திய அமைச்சரவையுடையது. 2019 நவம்பரில் அப்போதைய பிரதமர் கே.பி. ஒலியின் அரசு ஏழு மாகாணங்களின் பிரதேஷ் பிரமுக்குகளையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. தமிழ் வாசகருக்கு இந்தப் பதவியின் பெயர் நன்றாகவே தெரியும், நாம் புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொருவர் சொன்ன 'மாகாணத் தலைவர்' இன்னும் சிக்கல். மேலே உள்ள கோசிச் செய்தியையே மாகாணத் தலைவர், பேரவைத் தலைவர், கட்சித் தலைவர் என்று போட்டு எழுதிப் பாருங்கள், நாலாவது வரியில் யார் யாரை நியமித்தார் என்பதே தெரியாது. இதே காரணத்துக்காக 'சபாமுக்' என்பதற்குச் சபாநாயகர் என்றே இருக்கட்டும். 'மாகாணாதிபதி' கம்பீரம்தான், ஆனால் படைத்தளபதி மாதிரி ஒலிக்கிறது.

என் முன்மொழிவு: முதல் முறை வரும்போது 'மாகாண ஆளுநர், நேபாளியில் பிரதேஷ் பிரமுக்'. பிறகு வெறும் ஆளுநர்.

அப்புறம், அதே பட்டியலில் நேபாளத்தின் கிராமப்புற உள்ளாட்சி அமைப்பான காவுன்பாலிகாவை 'ஊராட்சி' என்று போட்டிருக்கிறார்கள். துணைத்தலைவர் தலைமையில் வழக்கு விசாரிக்கிற நீதிக் குழு வரை வைத்திருக்கிற அமைப்பு அது, அந்தச் சொல் போதாது. அதைத் தனி இழையில் பேசலாம், அதுவரை யாரும் பட்டியலில் பூட்டிவிடாதீர்கள்.