கண் அசரும் நேரத்தில் தூக்கிவாரிப் போடுகிறது, படுக்கப் போகவே பயமாக இருக்கிறது

சிறுவாணித்தண்ணி

வணக்கம். வயது 34, கோவை. இதை வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார். 61 வயது. ராத்திரி சாப்பிட்டு, பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் படுத்தவர்தான், காலை ஐந்தரைக்கு அம்மா காபி கொண்டுபோய் எழுப்பினபோது கை சில்லென்று இருந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர், நோகாமல் போய்விட்டார் என்றார்கள். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின அன்று இரவுதான் எனக்கு இது ஆரம்பித்தது.

கண் சொருகும், உடம்பு லேசாகும், சரி தூங்கிவிட்டோம் என்கிற அந்த நொடியில் மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்ட மாதிரி மொத்த உடம்பும் தூக்கிவாரிப் போடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். மூச்சு நின்றுபோய் உடம்பே என்னை எழுப்பிவிட்டதோ என்று தோன்றும். மறுபடி கண்ணை மூடினால் மறுபடி அதே. ஒரே ராத்திரியில் ஏழெட்டு முறை. போன வாரம் புதிதாக ஒன்று: கண் அசரும்போது பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், தலைக்குள்ளேயே. எழுந்து சமையல்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை, வீட்டில் ஒருவரும் அசையக்கூட இல்லை.

இசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். டாக்டர் டென்ஷனைக் குறைக்கச் சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், பழகிவிடுமோ என்று பயந்து இன்னும் போடவில்லை. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன், துடிப்பு 110 காட்டும், அதைப் பார்த்ததும் இன்னும் ஏறும். ராத்திரி ஒன்பதரை ஆனாலே வயிற்றுக்குள் என்னவோ பிசைகிறது. மூன்றரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்து வேலைக்குப் போகிறேன், நாலைந்து காபி இல்லாமல் நாள் ஓடுவதில்லை.

யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா? தூங்கினால் மூச்சு நின்றுவிடுமா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

வேப்பம்பூ

தம்பி, எனக்கு இருந்தது. அப்படியே நீங்கள் எழுதின மாதிரி, அந்தப் படி தவறுகிறது உட்பட. 2019-இல் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நாலு மாதம் பட்டேன், இன்று நன்றாகத் தூங்குகிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுத உட்கார்ந்தேன்.

அந்தத் தூக்கிவாரிப் போடுவதற்கு ஹிப்னிக் ஜெர்க் என்று பெயர். மூன்றில் இரண்டு பேருக்காவது வாழ்க்கையில் எப்போதாவது வருகிறது. கைக்குழந்தை தூக்கத்தில் திடுக்கென்று கையை விரிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறோமா? தூக்கம் சுவிட்ச் போட்டது மாதிரி ஒரே தட்டில் வருவதில்லை. தசைகள் தளரத் தொடங்கும்போது விழிப்பு இன்னும் முழுதாக இறங்கியிருக்காது, அந்த இடைவெளியில் உடம்பு ஒரு தடவை உதறிக்கொள்கிறது. கூடவே விழுகிற மாதிரி ஒரு துண்டுக் கனவும் வரும். மூச்சும் அப்படித்தான், தூக்கத்துக்குள் நுழைகிற நிமிடங்களில் அது சற்று ஏறுமாறாக இருக்கும், சில நொடி நின்று தொடரும், அது நன்றாக இருக்கிற பலருக்கும் நடப்பது. மற்றவர்கள் கவனிப்பதில்லை, நாம் காவல் காத்துக்கொண்டு படுத்திருக்கிறோம், அதனால் பிடிபடுகிறது.

அந்தக் காவல்தான் தம்பி இதைப் பெருக்குகிறது. தூக்கம் குறைந்தால் உதறல் கூடும், காபி கூடினால் கூடும், பயந்தால் கூடும். இப்போது உங்களிடம் மூன்றும் இருக்கிறது. நான் வாட்ச் கட்டவில்லை, ஆனால் கட்டைவிரலை மணிக்கட்டில் வைத்து நாடி எண்ணிக்கொண்டே படுப்பேன். எண்பது, எண்பத்தாறு, தொண்ணூறு என்று எண்ண எண்ண அது ஏறும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் துடிப்பு மெத்தையில் இடிக்கிற மாதிரிக் கேட்கும், உடனே வலது பக்கம், உடனே எழுந்து உட்கார்ந்து தண்ணீர். நாடி பார்ப்பதை விட்ட பிறகுதான் எனக்குத் தணிய ஆரம்பித்தது.

எனக்குப் பலித்த ஒன்றைச் சொல்கிறேன், கேட்க விசித்திரமாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி, இன்றைக்குத் தூங்கப் போவதில்லை, சும்மா இப்படிப் படுத்திருக்கப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு படுங்கள். போனைத் தொடக்கூடாது, எழுந்து எதுவும் செய்யக்கூடாது, விழித்திருப்பது மட்டும்தான் வேலை. தூங்கியே ஆக வேண்டும் என்கிற பிடி தளர்ந்தால் கண் தானாகக் கனக்கும். மனநல ஆலோசகர் எனக்குச் சொல்லித் தந்தது இது. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை, கோபம்தான் வந்தது, விட்டுவிடாதீர்கள்.

இரவு_வார்டு

17 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ், பாதி வருடம் நைட் டூட்டிதான். அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் அந்த அண்டா சத்தத்துக்கு வருகிறேன். அதற்கும் பெயர் இருக்கிறது: எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சின்ட்ரோம். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், பெயர் மட்டும்தான் பயங்கரம், தலையில் ஒன்றும் வெடிப்பதில்லை. 1876-லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், 1988-இல் பிரிட்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் பியர்ஸ்தான் இந்தப் பெயரை வைத்தார். சிலருக்குக் கதவு அடைக்கிற சத்தம், சிலருக்குத் துப்பாக்கி, சிலருக்கு ஒரு வெளிச்சமும் சேர்ந்து வரும். வலி இருக்காது. வலி இருந்தால், முக்கியமாகத் திடீரென்று மண்டை பிளக்கிற மாதிரி வலி வந்தால், அது வேறு விஷயம், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூச்சு நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். குறட்டை சத்தமாக இருக்கிறதா, குறட்டைக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்குகிறதா என்று வீட்டில் உள்ளவரை ஒரு ராத்திரி கவனிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்படி இருந்து, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது, காலையில் தலைவலியோடு எழுகிறீர்கள் என்றால் ஸ்லீப் அப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடுகிற கோளாறாக இருக்கலாம். அதற்கு ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்ப்பார்கள், சிகிச்சையும் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்வது, படுக்கையில் சிறுநீர் போவது, உதறின பிறகு கொஞ்ச நேரம் எதுவும் புரியாமல் இருப்பது, இதில் ஏதாவது இருந்தால் நரம்பியல் டாக்டர். இவை எதுவும் இல்லையென்றால், இதயத்தைப் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல் என்றால், அந்த ரிப்போர்ட்டை நம்புங்கள். இன்னும் ஒரு எக்கோ, இன்னும் ஒரு ஸ்கேன் என்று போகாதீர்கள். வார்டில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் இரண்டு நாளைக்குத்தான் நிம்மதி தரும்.

காபியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தால் ராத்திரி பதினொன்றுக்கும் பாதி ரத்தத்தில் இருக்கும். மதியம் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம், டீயும்தான். ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள்.

மாத்திரை விஷயத்தில், எழுதித் தந்தவரிடமே போய் இது எந்த வகை, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்று நேராகக் கேளுங்கள். சில தூக்க, பதற்ற மாத்திரைகள் பழகும் என்பது உண்மை, குறுகிய காலத்துக்குக் கண்காணிப்போடு கொடுத்தால் உதவும் என்பதும் உண்மை. பக்கத்து வீட்டுக்காரர் தருவதை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தூக்கம் வராதவர்களும் அழைக்கத்தான் அந்த எண்.

காவிரிக்கரை

என் வயது 66. எங்கள் ஊர்ப் பக்கம் இதோடு சேர்த்து அமுக்குவான் என்று ஒன்று சொல்வார்கள். விழிப்பு வந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி பாரம், கத்தினாலும் குரல் வராது. கல்லூரி நாளில் எனக்கு வந்தபோது ஆயா தலையணைக்கு அடியில் அரிவாள் வைத்துப் படுக்கச் சொன்னாள், வைத்தேன், ஏதோ தைரியமாகத்தான் இருந்தது. கனவு காண்கிற தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு தசைகளைக் கட்டிப்போடுகிறது, சில சமயம் மூளை விழித்த பிறகும் கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்காவது வருகிறது. ஜப்பான்காரர்கள் கனஷிபாரி என்கிறார்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழட்டுச் சூனியக்காரி நெஞ்சில் ஏறுவதாகச் சொல்வார்கள். உங்களுக்கும் ஒரு நாள் வந்தால் சுண்டுவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள், ஓரிரு நிமிடத்தில் தானே போய்விடும்.

தம்பி, நான் கேட்க வந்தது வேறு. அப்பா போன பிறகு நீங்கள் எங்கே படுக்கிறீர்கள்?

சிறுவாணித்தண்ணி

ஐயா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் என்னால் எழுத முடியவில்லை.

அம்மா அந்த அறையில் தனியாகப் படுக்கப் பயப்படுகிறார். அதனால் நான்தான் அங்கே படுக்கிறேன். அப்பாவின் கட்டிலில். அம்மா கீழே பாயில். அம்மாவும் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும், நான் உதறி எழும்போதெல்லாம் இருட்டில் "கண்ணு?" என்று ஒரு குரல் வரும். இல்லம்மா, கொசு என்பேன்.

காவிரிக்கரை

அப்படியா. அப்பா போன நேரத்தில், அப்பா போன கட்டிலில், நீங்கள் படுத்து ஒரு ராத்திரிகூட விடாமல் காவல் காக்கிறீர்கள். அம்மா உங்களைக் காவல் காக்கிறார். இதில் யார்தான் தூங்க முடியும்? அப்பாவின் இதயம் நின்றபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார், தூக்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை. என் அப்பாவுக்கு அது வயல் வரப்பில் நடக்கும்போது வந்தது, அதற்காக ஒரு வருடம் நான் அந்த வரப்பில் கால் வைக்கவில்லை, அதனால் உங்களைப் புரிகிறது. அம்மாவிடம் சொல்லுங்கள். பயத்தைச் சொல்லுங்கள், கொசு என்று சொல்லாதீர்கள். இரண்டு பேரும் அந்த அறையை விட்டுக் கொஞ்ச நாள் கூடத்துக்கு வாருங்கள். கட்டிலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

வேப்பம்பூ

ஐயா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு சின்ன விஷயம் தவிர. படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராமல் மனம் பரபரக்க ஆரம்பித்தால் படுக்கையிலேயே புரளாதீர்கள். நேரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்புதான். எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது கை வேலை, நான் பூண்டு உரிப்பேன், கண் கனத்ததும் திரும்பப் போய்ப் படுக்க வேண்டும். எத்தனை தடவை ஆனாலும். காலையில் மட்டும் எப்போதும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். படுக்கை என்றாலே பயம் என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது, அதை மாற்றிப் படிக்க வைக்க வேண்டும். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்கிற அமெரிக்க உளவியலாளர் சொன்ன முறை, இன்றைக்கும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இது இருக்கிறது.

சிறுவாணித்தண்ணி

12 நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது, காடேற்றின அன்றுகூட நான் அழவில்லை, ஆட்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. அம்மா தன் கதையைச் சொன்னார்: அந்தக் காலையில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்ததாம், தூங்கட்டும் என்று எழுப்பாமல் விட்டாராம், அரை மணி முன்னால் எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறாராம். இரண்டு பேரும் விடியும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் டாக்டரிடம் அழைத்துப் போய் இதைக் கேட்க வைத்தேன், ஐந்து மணிக்கு எழுப்பியிருந்தாலும் காப்பாற்ற முடிந்திருக்காது, கை அப்படிச் சில்லிட வேண்டுமென்றால் அதற்குப் பல மணி நேரம் முன்பே நடந்திருக்கும் என்றார். அம்மாவின் முகம் மாறினதை நான் பார்த்தேன்.

இப்போது அம்மா பேத்தியோடு படுக்கிறார், நான் பழையபடி எங்கள் அறையில். வாட்ச் அலமாரியில். குறட்டை, மூச்சு எல்லாம் மனைவி இரண்டு ராத்திரி கவனித்துவிட்டாள், ஒன்றும் இல்லை. உதறல் இன்னும் வருகிறது, நேற்று ஒரு தடவை. வந்தது, சரி என்று புரண்டு படுத்தேன், அடுத்து நினைவு இருப்பது பால்காரர் பெல் அடித்தது. அண்டா சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது, அதற்கு மட்டும் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மாத்திரை தொடங்கவில்லை, அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன், அம்மாவுக்கும் சேர்த்து.

காபி ஐந்திலிருந்து ஒன்றாகிவிட்டது. நிதானமாகக் குறைக்கச் சொன்னீர்கள், நான் அவசரப்பட்டு மூன்றே நாளில் குறைத்துவிட்டேன், மதியமானால் தலைவலி பிளக்கிறது. இது எத்தனை நாள் இருக்கும்?

இரவு_வார்டு

பெரும்பாலும் ஒரு வாரம், ஒன்பது நாள் வரை போகலாம். தாங்க முடியாவிட்டால் காலையில் இரண்டாக்கிக்கொண்டு பிறகு மெதுவாக இறங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மருத்துவரிடம் போகும்போது இங்கே முதலில் எழுதினதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கக் கொடுங்கள், உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். அம்மாவுக்குத் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.