நீங்கள் நேரில் பார்த்த ஆமை எந்த வகை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மழை விட்ட ஒரு காலையில், புதரோரமாக உள்ளங்கை அளவு ஆமை ஒன்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஓடு கறுப்பு. அதன் மேடு ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர் மாதிரி விரிந்திருந்தன. ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும், பாவம் வழிதவறி வந்துவிட்டது என்று நினைத்து, தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தில் விட்டேன். அது நீந்தவில்லை. காலை அடித்துக்கொண்டே உள்ளே போனது.

கரையில் நின்ற பெரியவர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவி எடுத்தார். தலை கீழே சரியும்படி பிடித்ததும் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் அசைவே இல்லை. அப்புறம் ஒரு கண் மட்டும் திறந்தது. "காலைப் பாருப்பா, யானைக் கால் மாதிரி இருக்கு. விரலுக்கு நடுவுல சவ்வே இல்ல. இது எப்படி நீந்தும்?" என்றார்.

அது நட்சத்திர ஆமை. அன்றிலிருந்து எந்த ஆமையைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். தூண் மாதிரி இருந்தால் நிலத்தாமை, சவ்வும் நகமும் இருந்தால் நன்னீராமை, துடுப்பாக நீண்டிருந்தால் கடலாமை. உலகில் 350-க்கும் மேற்பட்ட ஆமை இனங்கள் இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால், எல்லாம் ஒரே மாதிரி வாழும் என்று நினைத்துவிடுகிறோம். நீங்கள் பார்த்தது எது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

* * *

கடலாமைகளைப் பற்றி நான் சொல்கிறேன். உலகம் முழுவதற்கும் மொத்தமே ஏழு இனங்கள்தான். முட்டைகளைப் பாதுகாக்கும் குழுவோடு இரண்டு பருவம் இரவுக் காவலுக்குப் போயிருக்கிறேன்.

கண்ணுக்கு முதலில் படுவது ஆமை அல்ல, தடம். ஈரமணலில் யாரோ எதையோ இழுத்துப் போன மாதிரி இருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரண்டு துடுப்பையும் சேர்த்துப் போட்டு நகரும். அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். சிற்றாமை மாற்றி மாற்றிப் போடும். எங்கள் குழுவில் பழகியவர்கள் தடத்தைப் பார்த்தே இன்ன ஆமை என்று சொல்லிவிடுவார்கள்.

நான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தது சிற்றாமை. விளக்கே கிடையாது, மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும், அதுவும் பின்பக்கத்திலிருந்து. குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பின்துடுப்பை உள்ளே விட்டு, நுனியைக் கை மாதிரி மடக்கி, ஒரு பிடி மணலைச் சிந்தாமல் மேலே கொண்டுவந்து வைக்கும். அடுத்து மற்றத் துடுப்பு. குழியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே குறுகலாக, அடியில் அகன்று, குடம் மாதிரி ஒரு குழி. பிறகு முட்டைகள் இரண்டு மூன்றாக விழுந்தன. மேசைப் பந்து அளவுதான் இருக்கும், ஆனால் ஓடு மெத்தென்று இருக்கும், விழுந்தாலும் உடையாது. அன்று நூறைத் தாண்டியது.

கண்ணிலிருந்து கெட்டியான நீர் வழிந்துகொண்டே இருந்தது. பிரசவ வலியில் அழுகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். உண்மையில் கடல்நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்றும் சுரப்பி கண்ணருகே இருக்கிறது. கடலுக்குள்ளும் அது இப்படித்தான் வழியும், நமக்குத்தான் தெரியாது. குழியை மூடியதும் உடம்பை இடமும் வலமும் ஆட்டி, அடிவயிற்று ஓட்டால் மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தியது. தொம், தொம் என்று அந்தச் சத்தம் என் காலுக்கடியில் அதிர்ந்தது. எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. கடலாமையால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது, துடுப்புகளையும்தான். நாய் வந்தாலும் மனிதர் வந்தாலும் அது அப்படியே கிடக்க வேண்டியதுதான். அதனால்தான் கரையில் கூட்டம் போட வேண்டாம், பிளாஷ் போட வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறோம்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிப் பேராமைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவில், இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று இருந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

* * *

ஏழுவரி ஆமையை ஒரே ஒரு தடவை படகிலிருந்து பார்த்தேன். கவிழ்ந்த தோணி மிதக்கிறது என்றுதான் நினைத்தோம். மற்ற ஆமைகளுக்கு இருக்கிற ஓட்டுத் தகடுகள் இதற்கு இல்லை, ரப்பர் மாதிரித் தோல், அதில் நீளவாக்கில் ஏழு வரி. ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான், மூழ்கிவிட்டது. ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் போகும் பிராணி. 1988-ல் வேல்ஸ் நாட்டுக் கரையில் ஒதுங்கிய ஒன்றின் எடை 916 கிலோ. இவ்வளவு பெரிய உடம்பு சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீனைத் தின்றே வளர்கிறது! மிதக்கிற பிளாஸ்டிக் பையையும் சொறி என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. படகில் பை பறந்தால் இப்போதெல்லாம் திருப்பிப் போய் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

* * *

எனக்குப் பரிசாக வந்தது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்குமே, அதுதான். வரும்போது பெரிய நாணயம் அளவு. ஆறே வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது. இரை எடுத்தால் தண்ணீருக்குள் தலையை விட்டுத்தான் விழுங்கும். வெயில் காயும்போது கல்லின் மேல் ஏறி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விசிறி மாதிரி விரித்து வைத்துக்கொள்ளும். பாசி போக ஓட்டை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் நெளியும். ஓடு வெறும் மூடி இல்லை, அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்ததுதான் ஓடு. தொட்டால் அதற்குத் தெரியும்.

தொட்டி போதாமல் போனபோது ஏரியில் விட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கால்நடை மருத்துவர்தான் தடுத்தார். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். இன்னொரு நாட்டு ஏரியில் விட்டால், அங்கே இருக்கும் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. கடைசியில் ஒரு மீட்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். குட்டியாக இருக்கிறதே என்று வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது முப்பது வருஷம்கூட வாழும்.

* * *

ஒரு சின்னத் திருத்தம். துடுப்பு இருந்தால் கடலாமை என்பது ஏறக்குறைய சரி, ஒரே ஒரு விலக்கு உண்டு. பப்புவா நியூ கினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் ஆறுகளில் வாழும் பன்றிமூக்கு ஆமைக்கும் துடுப்புதான். ஒரு காட்சித் தொட்டியில் அது சிறகடிப்பது போல நீந்தியதை நின்று பார்த்தேன், கடலாமைக் குஞ்சு என்றே நினைத்தேன். மூக்கைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஆற்றுமணலில் இரண்டு சிறு துளை தெரிந்தால் கை வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தோல் ஓட்டு ஆமை மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் நீட்டியிருக்கும். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம். பின்பக்கம் பிடித்தால் கடிக்காது என்று நம்பிய என் விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் பேருருவான யாங்சே ஆமையில் ஒரு சிலதான் எஞ்சியிருந்தன. சீனாவின் சூச்சோ விலங்குக் காட்சியகத்தில் இருந்த பெண் ஆமையும் 2019 ஏப்ரலில் இறந்துவிட்டது.

* * *

பன்றிமூக்கு ஆமையைச் சொன்னதற்கு நன்றி, அது எனக்குத் தெரியாது. சாலையைக் கடக்கும் ஆமையைத் தூக்க வேண்டி வந்தால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே எதிர்ப்பக்கம் விடுங்கள். வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். என்ன இனம் என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போடாமல் கரையில் வையுங்கள், நீந்தத் தெரிந்தது தானே இறங்கிக்கொள்ளும்.

நான் முதலில் சொன்ன நட்சத்திர ஆமை என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். எடுத்த அதே புதரோரம் கொண்டுபோய் வைத்தேன். அரை மணி நேரம் தலையை வெளியே நீட்டவே இல்லை. நான் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். மெல்லத் தலையை நீட்டி, காலையில் பாதி கடித்து விட்டிருந்த புல்லிடம் நடந்து போய், மறுபடி கடித்தது.