கலைச்சொல் வேண்டும்: லைட் பெயிண்டிங்

அன்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இருட்டில் கேமராவின் ஷட்டரை 30 விநாடி திறந்துவைத்து, டார்ச்சை அசைத்துப் படமெடுக்கும் கலை பற்றியது. கருவிகள் எல்லாம் கையால் செய்பவை. டார்ச் முகத்தில் கறுப்பு நாடா ஒட்டி ஊசித்துளை போட்டால் மெல்லிய கோடு விழும்; பால்நிறக் குழாயைச் செருகினால் அகலப் பட்டை. ‘ஒளியோவியம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

*

வேண்டாம் அக்கா. திரைப்படங்களில் ஒளிப்பதிவையே ஒளி ஓவியம் என்று போடுகிறார்கள். ‘ஒளிக்கோலம்’ என்போம். அந்தக் குழாய்க்கு ‘ஒளிக்கோல்’ என்ற பெயரும் கூடவே கிடைத்துவிடும். கோலுதல் என்றால் வளைத்தல். கோல், கோலம் இரண்டும் அந்த வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம்.

*

ஐயா, நேராக நிற்பதுதானே கோல்? வளைந்தால் கொடுங்கோல். வேரை விடுங்கள், பெயிண்டிங்குக்கு நேர்ச்சொல் தீட்டல். ஆனால் ‘ஒளித்தீட்டு’ மட்டும் கூடாது. அந்தச் சொல்லால் காயப்பட்ட பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். ‘ஒளிதீட்டல்’ என் பரிந்துரை.

*

தீட்டுவது ஒளியையா, ஒளியாலா? டார்ச்சைக் கேமராவை நோக்கிப் பிடித்தால் ஒளியே கோடாகப் பதியும். 1949இல் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலியின் கேமரா முன் பிக்காசோ வரைந்தது அப்படித்தான். டார்ச்சைப் பொருளின் மேல் அடித்தாலோ கோடு இராது, பொருள்தான் துலங்கும். முன்னது இரண்டாம் வேற்றுமை, பின்னது மூன்றாம் வேற்றுமை. கருவியும் வேறு: ஊசித்துளை முன்னதற்கு, வண்ணச் செலோபேன் தாள் சுற்றிய டார்ச் பின்னதற்கு. ஆகவே ஒளிவரைவு, ஒளிதீட்டல் என்று இரண்டு சொல் வேண்டும்.

*

பிரிப்பு அழகு. ஆனால் பிள்ளைகள் வாயில் லைட் பெயிண்டிங் ஏற்கெனவே ஏறிவிட்டது. அதையே விட்டுவிட்டால் என்ன?

*

ஒளிச்சேர்க்கையும் ஒரு நாள் புதுச்சொல்தான். இன்று அதைச் சொல்ல எந்தப் பிள்ளையாவது திணறுகிறதா? அப்புறம், கம்பிநாரைக் கொளுத்திச் சுழற்றிப் பொறி பறக்க எடுப்பார்களே, அது எந்த வேற்றுமை?

*

அது கையேட்டில் இல்லை. சிறுவர் கையில் தீயைக் கொடுக்க மாட்டேன். மூன்று பேர் தனிமடலிலும் சொன்னதால் தலைப்பில் ‘ஒளிதீட்டல்’, அடைப்பில் லைட் பெயிண்டிங். ஒளிவரைவு ஊசித்துளைப் பக்கத்தில் மட்டும். குழாய்க்கு ஒளிக்கோல். கோப்பை அனுப்பிவிட்டேன்.

*

கோலை எடுத்துக்கொண்டு கோலத்தை விட்டுவிட்டீர்கள், அக்கா. என் வகுப்பில் ஒளிக்கோலம் என்றே சொல்வேன். கொடுங்கோல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.